நிழலய்யாவின் ஃபிரிட்ஜ்

நான் முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் இழை விட்டிருந்தாலும், கடுகளவு எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் கை வைத்து நிறுத்திவிடுவேன். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. வீட்டிலும் விட மாட்டேன். (என் வீட்டுக்காரர் புதுச்சட்டை போட்டால் என்னைக் கண்டதும் சுவரோரமாக நடப்பார்.)

அப்பேர்ப்பட்ட கண் ஏழு மாதம் அவிந்து கிடந்தது. எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, அங்கே சொன்னதையெல்லாம் நம்பினேன். நான் நம்பியது போதாதென்று, கூடப்பிறந்த அக்காவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் பாதி அந்த ஆள் மேல், மீதிப் பாதி என் மேல்.

அதற்கு முந்தின வருடம்தான் என் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். என் வீட்டுக்காரர் தங்கராஜ் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். காலையில் போனால் கையெல்லாம் வார்னிஷ் வாடையோடு விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நானும் டிவியும்தான். கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் நிற்கும் புஷ்பம் அதைக் கவனித்திருக்கிறாள்.

“ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கீங்க அக்கா? எங்கூட ஒரு எடத்துக்கு வாங்க. செத்த நேரம் உக்காந்துட்டு வந்துரலாம்.”

அந்தச் செத்த நேரம்தான் ஏழு மாதம் ஆனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி மம்சாபுரம் விலக்கில் இறங்கி நடந்தால், ஒரு காலத்தில் பருத்திப் பொதி அடுக்கிய குடோன். அதற்கு வெள்ளையடித்து, ‘நிழல் இல்லம்’ என்று பச்சை எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார்கள். மேலே தகரம். உள்ளே ஃபேன் கிடையாது. சித்திரை மாதம். நிழல் என்று பெயர் வைத்த அந்த இடத்தில் நான் வியர்த்த மாதிரி வேறெங்கும் வியர்த்ததில்லை. போர்டுக்கும் கூரைக்கும் சம்பந்தம் இல்லை என்பதே எனக்கு முதல் அறிவிப்பு. நான்தான் படிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் ஆறு பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி என் செருப்பை எடுத்து ஒழுங்காக வைத்தாள். ஒருத்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். இன்னொருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எம்புட்டு நாளா ஒங்களுக்காகக் காத்திருந்தோம் தெரியுமா?” என்றாள். அதற்கு முன்னால் என்னை அவள் பார்த்ததே இல்லை. என் பெயர்கூடத் தெரியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவைக்கூட யாரும் அப்படித் தாங்குவதில்லையே, எனக்கு எதற்கு இவ்வளவு என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன். ஆறு பேரும் கூடச் சேர்ந்து அழுதார்கள்.

இன்னொரு விஷயமும் என்னைக் கவிழ்த்தது. அங்கே யாரும் காசே கேட்கவில்லை. உண்டியல் இல்லை, ரசீது இல்லை. ஏமாற்றுக்காரன் என்றால் காசு கேட்பான் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்காதவன் நல்லவன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காசைவிடப் பெரிய பொருட்கள் நம்மிடம் இருப்பதும், அதைக் கேட்காமலே ஒருவன் எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அங்கே இருந்த பெரியவருக்குப் பெயர் நிழலய்யா. அதற்கு முன்னால் அவருக்கு என்ன பெயர், எந்த ஊர், என்ன பிழைப்பு, எதுவும் யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. பூசை, ஜெபம், மந்திரம் எதுவும் கிடையாது. எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லுவார். “மரம் கேள்வி கேக்காது.” அவ்வளவுதான். அதைப் பத்து நிமிடம் நாங்கள் மென்றுகொண்டிருப்போம். அதில் மெல்ல ஒன்றுமே இல்லை என்பது இப்போது தெரிகிறது.

அங்கே சந்தேகத்துக்கு ‘வெயில்’ என்று பெயர். கேள்வி கேட்டால் வெயில். சலித்துக்கொண்டால் வெயில். வீட்டில் யாராவது ‘இதெல்லாம் எதுக்கு?’ என்றால் அவர்கள் வெயில்காரர்கள். இரண்டாவது வாரம் நான், “ஐயா, ஒரு ஃபேன் போட்டா என்ன?” என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேரும் கண்ணைத் திறந்து, சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர்கள் மாதிரி என்னைப் பார்த்தார்கள். நிழலய்யா சிரித்தார்.

“வெயில் பேசாதீங்க, வேம்புநிழல்.”

வேம்புநிழல் என்பது நான்தான். பேச்சியம்மாள் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும். புஷ்பத்துக்கு ஆலநிழல். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார். “நான் வந்தா எனக்கு என்ன பேரு வைப்பாக? சீமைக்கருவேலமா?”

“நீங்க வெயில் பேசுதீங்க.”

“ராஜபாளையத்துல பெறந்துட்டு வேற எதைட்டி பேச?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தப்பு என்று அடுத்த வாரம் நோட்டில் எழுதினேன். ஆமாம், நோட்டு ஒன்று உண்டு. வாரத்தில் நம் மனதில் என்னென்ன சந்தேகம் வந்தது, வீட்டில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்றெல்லாம் அதில் எழுதி ஞாயிற்றுக்கிழமை ஒப்படைக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, மார்ஜின் போட்டு, என் புருஷனைப் பற்றிக் கோள் எழுதினேன். அவர் விடும் குறட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிழலய்யா கண்ணை மூடிக்கொண்டு, “வேம்புநிழல் வீட்டுல மோட்டார் சத்தம் அதிகமா இருக்கு. பகல்லயும் மோட்டார், ராத்திரியும் மோட்டார்” என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

“நீங்க மோட்டார் வேலை பாக்கிறது அவியளுக்கு எப்படிங்க தெரியும்? நான் வாயத் தொறந்து சொல்லவே இல்லையே!”

“கடை போர்டுல போட்டிருக்கே ஏட்டி.”

“குறட்டை விடுதது?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதையும் போர்டுல போடச் சொல்லுதியா?”

நோட்டில் எழுதிக் கொடுத்தவளே நான்தான் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவரோடு நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். வெயில்காரரோடு அதிகம் பேசினால் நம் நிழல் சுருங்கிவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சோறு போடுவேன், முகம் பார்க்க மாட்டேன். பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷன், தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்காரப் பழகிக்கொண்டார்.

இது வரைக்கும் நடந்தது என் கூத்து, சிரித்துவிட்டுப் போகலாம். என் அக்கா விஷயம் அப்படி இல்லை.

அக்கா சரோஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அத்தான் தவறிய பிறகு தனிக்கட்டை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். மோட்டார் மாட்டித் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை சொல்லியும் கேட்காமல் காலால்தான் மிதிப்பாள். கால் சொன்னால்தான் கை கேட்குமாம். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை, காலையும் இரவும் இன்சுலின் ஊசி. மாத்திரை அட்டைகளைப் போட்டு வைக்க, ஜாக்கெட்டில் மிஞ்சிய மஞ்சள் துணியில், ஓரத்துக்குப் பச்சை பைப்பிங் வைத்து ஒரு சுருக்குப்பை தைத்திருந்தாள். ஒரு மூலையில் தையல் கோணலாகப் போயிருந்தது. அதைச் சொல்லி நான் அவளைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

மூன்றாவது மாதம் அவளை நிழல் இல்லத்துக்குக் கூட்டிப் போனேன். புங்கநிழல் ஆனாள். அவள் அங்கே வந்தது நிழலய்யாவை நம்பி இல்லை. “நீ டிகிரி படிச்சவ. ஒனக்குத் தெரியாததா?” என்றாள். என்னை நம்பித்தான் வந்தாள்.

ஐந்தாவது மாதம் ‘ஒப்படைப்பு’ என்று ஒரு ஞாயிறு வந்தது. உடம்பு மேல் சந்தேகப்படுவதும் வெயில்தானாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையெல்லாம் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். “நான் மாத்திரையத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு” என்றார் நிழலய்யா. எல்லோரும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். முந்தின நாளே நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டேன்.

“ஊசி போடாட்டி எனக்குக் கெறக்கமா வருமேட்டி” என்றாள் அக்கா.

“நம்பிக்கை இல்லைன்னா அப்படித்தான் வரும்.”

இந்த வாயால்தான் சொன்னேன். அவள் ஃபிரிட்ஜை நானே திறந்தேன். அன்றுதான் வாங்கியிருந்த மாத்திரை, ஓர் அட்டைகூடப் பிரிக்கவில்லை. சுருக்குப்பையோடு எடுத்தேன். இன்சுலினையும் ஊசிகளையும் எடுத்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவற்றைத் தாம்பாளத்தில் வைத்ததும் நானேதான். அதற்காக என்னை முன் வரிசைக்கு மாற்றினார்கள், நான் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு மாதத்தில் அக்கா பாதியாக இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வலது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த இடம் ஆறவே இல்லை. மெஷினை மிதிக்க மிதிக்க நீலமாக மாறியது. நான் கம்பெனியிலிருந்து நல்ல பேண்டேஜ் துணியாகப் பார்த்து, இழை விடாததாக, கறை இல்லாததாக எடுத்துப் போய்க் கட்டிவிட்டேன். துணியில் குறையே இல்லை. உள்ளே விரல் அழுகிக்கொண்டிருந்தது.

பயந்துபோய் நிழலய்யாவிடம் கேட்டேன். “வெயில் வெளிய போகுது. எந்த வழியாவது போகணும்ல?” என்றார்.

நம்பினேன். என் வீட்டுக்காரர் மட்டும் நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், “மதினி, வண்டி கொண்டாந்திருக்கேன், ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று கெஞ்சியிருக்கிறார். “பேச்சி சொன்னா வாரேன்” என்றிருக்கிறாள் அக்கா. அவர் வந்து என்னிடம் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அதையும் நோட்டில் எழுதினேன். மறுநாளிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு தினமும் ஒரு தடவை அவர் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு, நிழலய்யாவின் அறையைச் சுத்தம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதற்கு வரிசை கட்டி நிற்பார்கள். கொட்டகையில் அக்காவும் மற்ற எல்லோரும் கண்ணை மூடி வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் விளக்குமாற்றோடு உள்ளே போனேன். உள்ளே போனதும் முதலில் பட்டது குளிர்ச்சி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ‘ஐயா நமக்காக எவ்வளவு தவம் இருக்கிறார், கொஞ்சம் குளிர்ச்சி வேண்டாமா?’ என்று நினைத்தபடியே மூலையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜின் மேல் தூசி தட்டினேன். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. சாத்தப்போனவள் திறந்துவிட்டேன்.

மேல் தட்டில் ஒரு கிலோ பால்கோவா டப்பா. பாதி காலி, உள்ளே ஸ்பூன். அதற்குப் பக்கத்தில் இன்சுலின். அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சுருக்குப்பை. பச்சை பைப்பிங். ஒரு மூலையில் கோணல் தையல்.

ஏழு மாதமாக அவிந்து கிடந்த கண் அப்போதுதான் திறந்தது. பையைப் பிரித்தேன். நான் கொண்டுவந்த அன்று பிரிக்காமல் இருந்த அட்டைகள் எல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தன. கடைசி அட்டையில் நாலே நாலு மாத்திரை மிச்சம்.

என் அக்காவிடமிருந்து பிடுங்கியதை அந்த ஆள் தினமும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பால்கோவா தின்றுவிட்டு! அவருக்கும் சர்க்கரை. அவர் காலில் ஒரு கீறலும் இல்லை.

விளக்குமாற்றை ஒரு கையிலும் பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். நூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நிழலய்யா அப்போதுதான், “மரம் எதையும் தனக்குன்னு வச்சுக்கிடாது” என்று சொல்லி முடித்திருந்தார்.

“எல்லாரும் கண்ணத் தொறங்க!”

என் குரல் தகரத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

“இது எங்க அக்கா மாத்திரை! இவரு சொன்னாருன்னு நான்தான் புடுங்கிட்டு வந்தேன். அதை இவரு திங்குதாரு! எங்க அக்காவுக்கு இந்தா காலு அழுகுது, இவரு உள்ள ஏசியில உக்காந்து பால்கோவாவத் தின்னுட்டு அவ மாத்திரையப் போட்டுக்கிடுதாரு! ஃபிரிட்ஜுல இருக்கு, போய்ப் பாருங்க!”

பின் வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். நிழலய்யா அசையவில்லை. கண்ணை மூடினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எப்படித்தான் வரவழைத்தாரோ.

“ஒங்க அக்காவோட வெயில நான் வாங்கிக்கிட்டேன் வேம்புநிழல். ஒங்க எல்லாரோட வெயிலையும் நான்தான் தின்னு செரிக்கேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. நாலைந்து பேர் விசும்பினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

“பால்கோவாவும் வெயிலா?” என்று கத்தினேன்.

முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகத் திரும்பினாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பைப்பிங்கைத் தடவிப் பார்த்தாள். அவள் தைத்தது அவளுக்குத் தெரியாதா?

“மாத்திரைய வாங்கிக்கிட்டீங்க, சரி” என்றாள் நிழலய்யாவிடம். “இந்தப் புண்ணையும் வாங்கிக்கோங்க. அதையும் சேத்துச் செரிங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் கொட்டகையே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. எழுந்து நின்ற இரண்டு பேரோடு இன்னும் ஐந்தாறு பேர் எழுந்தார்கள். ஒருத்தர் மருந்துத் தாம்பாளம் எங்கே என்று தேட ஆரம்பித்தார். நிழலய்யாவின் முகத்தில் நான் முதல்முறையாக வியர்வையைப் பார்த்தேன். அக்காவைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு, விளக்குமாற்றை அவர் காலடியில் வீசி எறிந்துவிட்டு, தலையை நிமிர்த்தி வாசலுக்கு நடந்தேன். படியில் கால் வைத்ததும் கடைசியாக அவர் முகத்தில் காறித் துப்புகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, சொன்னேன்.

“போயிட்டு வாரோம்யா.”

நான் சொல்லவில்லை. நாக்கு சொன்னது. நாற்பத்திரண்டு வருடமாக எந்த வாசலைத் தாண்டினாலும் அது சொல்லிப் பழகிய ஒரே வாக்கியம் அது. ‘போறேன்’ என்று சொன்னால் வாயில் அடி விழும் வீட்டில் வளர்ந்த நாக்கு. ஒருத்தனைக் கிழித்துத் தொங்கப்போட்டுவிட்டும் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

நூறு பேரும் அதே மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே! என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் அவர்கள் நாக்கும் பதில் சொல்லிவிட்டது.

“வாங்க, வாங்க! போயிட்டு வாங்க!”

எழுந்து நின்றவர்களும் சேர்ந்துதான் சொன்னார்கள். நிழலய்யா கண்ணைத் திறந்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“பாத்தீங்களா? அம்புட்டு வெயிலுலயும் வாரேன்னுதான் சொல்லிட்டுப் போறாக. நிழல விட்டு யாரும் போக முடியாது.”

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு வார்த்தை என் வாயில் வராமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பத்துப் பேராவது என்னோடு வெளியே வந்திருப்பார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பேருடைய மாத்திரைகளும் அந்தத் தாம்பாளத்துக்குத்தான் போயிருந்தன.

விலக்கில் உச்சி வெயிலில் நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “விலக்குல நிக்கோம், அக்காவுக்குக் கால்…” என்றேன். ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். ஏன், எதற்கு, நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. அக்காவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். பாதி தூரம் போன பிறகுதான் கேட்டார்.

“என்னன்னு சொல்லிட்டு வந்தே?”

 அக்காதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “போயிட்டு வாரோம்னு சொல்லிட்டு வந்தா.”

அவர் என்னைப் பார்த்தார். ஆட்டோ டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். முதலில் சிரித்தது அக்காதான். காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, அதோடு சிரித்தாள். நான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு யார் இதைக் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். “நீங்க என்ன வேலை பாக்கீங்க?” என்றார். “பேண்டேஜ் துணி செக்கிங்” என்றேன். அவர் பிரித்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் முந்தியிருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம், இரண்டு நாள் பிந்தியிருந்தால் காலே போயிருக்கும் என்றார். சுண்டுவிரலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “மெஷின் மிதிக்கலாமா?” அடுத்தது, “எங்க அவ, பேச்சி?” நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

“என் ஃபிரிட்ஜத் தொறந்து எடுத்துட்டுப் போனவ நீதான” என்றாள்.

“ஆமாக்கா.”

“இனிமே நீ எதை நம்பினாலும் நம்பிக்கோ. என் ஃபிரிட்ஜத் தொறக்காத.”

இவ்வளவுதான் அவள் எனக்குக் கொடுத்த தண்டனை. எனக்கு அது போதாது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று நர்சம்மாவிடம் விடைபெற நான் வாயைத் திறந்தேன். அக்கா எட்டி என் வாயைப் பொத்தினாள். “ஆஸ்பத்திரிலயும் வாரேன்னு சொல்லிறாதட்டி, புண்ணியமாப் போகும்!”

ஆனால் நிழல் இல்லத்தில் நான் சொன்னதை அவர்கள் விடவில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு காலிப் பாயின் மேல் வேப்பிலை வைத்துப் படம் போட்டு, ‘வேம்புநிழல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதினார்கள். புஷ்பம் வாரம் தவறாமல் என் மேஜைக்கு வந்தாள். “வாரேன்னு சொன்னீங்களே அக்கா. ஐயா ஒங்க எடத்தக் காலியாவே வச்சிருக்காக.” புகார் கொடுக்கலாம் என்று விசாரித்தால், கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: காசு ஏதாவது வாங்கினாரா? இல்லை என்றால், அப்புறம் என்ன என்றார்கள். ஒரு விரல் போயிருக்கிறதே, அது என்ன கணக்கில் வரும்?

ஆறு மாதம் போனது. ஒருநாள் புஷ்பம் மேஜைக்கு வந்து, துணியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டே கேட்டாள்.

“அக்கா, ஒங்க டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரில இருக்காக?”

அவள் முகம் வீங்கியிருந்தது. தைராய்டு மாத்திரையை அவளும் தாம்பாளத்தில்தான் வைத்திருந்தாள். இத்தனை நாள் பக்கத்து மேஜையில் நின்றும் அது எனக்குத் தெரியாது. நான் துணியை நிறுத்தினேன்.

“அங்கருந்து வந்துட்டியா? என்ன சொல்லிட்டு வந்த?”

“துஷ்டி வீட்டுல இருந்து வரும்போது சொல்லிக்கிட்டா வருவாக? ஒண்ணும் சொல்லல. செருப்ப மாட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நம் ஊரில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவும் ஒரு முறை இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் குடோனில் இப்போது மாட்டுத் தீவனம் அடுக்கியிருக்கிறார்கள். அந்த ஆள் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. எங்கேயோ ஒரு தகரத்துக்கு அடியில் இப்போதும் யாராவது வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: ஒரு ஃபேன் போட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதற்கு நூறு பேர் உங்களைப் பரிதாபமாகப் பார்த்தால், தயவுசெய்து எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. நான் கடைக்குக் கிளம்பினால்கூட, “நெசமா வருவியா, நிழலய்யாவுக்குச் சொன்ன மாதிரியா?” என்பார் என் வீட்டுக்காரர். போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க தேவதானத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல குடும்பம். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, அக்கா நடப்பதைப் பார்த்து, காலில் என்ன என்று கேட்டுவிட்டார். வேறென்ன வேண்டும் அக்காவுக்கு? ஏசியிலிருந்து பால்கோவா ஸ்பூன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். சம்பந்தம் போனதென்றே நினைத்தேன்.

“அம்புட்டுக் களேபரத்துலயும் கையெடுத்துக் கும்பிட்டு, போயிட்டு வாரோம்யாங்குதா” என்று முடித்தாள் அக்கா. “எனக்குக் கால்ல ஒரு வெரலு போச்சு. இவளுக்கு மரியாதை மட்டும் போகல.”

சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. பிறகு பிடித்திருக்கிறது என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டி, எங்களைப் பார்த்துக் கைகூப்பி, வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ஏழு பேர் கும்பிட்ட கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீங்க தைரியமாச் சொல்லுங்க சம்பந்தி” என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள். “நீங்க வந்துதான் ஆகணும்.”